உம் கொட்ட ஓர் ஆள்

அந்த மனிதரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவரும் ஒரு நாள்கூட என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அதனால் கணக்கு நேர். 'நாஹ்பார்' என்பார். ஜெர்மன் மொழியில் பக்கத்து வீட்டுக்காரன் என்று அர்த்தம். கார்ல்ஸ்ரூஹேயில் மாணவர் விடுதியின் மூன்றாம் மாடியில் அவர் அறைக்கும் என் அறைக்கும் நடுவே ஒரு சுவர் இருந்தது. சுவர் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அந்தப் பக்கம் அவர் கொட்டாவி விட்டால் இந்தப் பக்கம் எனக்கு வாய் திறக்கும்.

அறுபதுகளின் கடைசி வருஷங்கள். நான் பாளையங்கோட்டையிலிருந்து வந்து, வாய்க்காலில் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். தாமிரபரணிக் கரையில் பிறந்தவன் தண்ணீர் ஓடுவதைப் படிக்க இவ்வளவு தூரம் போகணுமா என்று என் அப்பாவே கேட்டார். கேட்டால் கேட்கட்டும், வந்தாயிற்று. பகலெல்லாம் ஆய்வுக்கூடத்தில் ஒரு நீளமான கண்ணாடித் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஐந்து மணிக்கு ஜெர்மன்காரர்கள் எல்லாரும் கைகுலுக்கிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். நானும் அறைக்கு வருவேன். காலையில் 'வணக்கம்', மாலையில் 'போய் வருகிறேன்', இந்த இரண்டைத் தவிர வேறு வார்த்தை பேசாத நாட்கள் எனக்கு எத்தனையோ உண்டு.

ஆறு மணி வாக்கில் சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கிளம்பும். சந்தையில் கூட்டத்தைக் கூப்பிடுகிற மாதிரி, ஓங்கி, ஒரே ஒரு வாக்கியம். பிறகு சத்தமே இருக்காது. யாரோ பதில் சொல்லப் போகிறார்கள் என்று காத்திருப்பது இந்தப் பக்கம் இருக்கிற எனக்கே தெரியும். மறுபடி அதே வாக்கியம். மறுபடி சத்தமில்லை. கடைசியில் நாற்காலி கிரீச்சிடும், ஜன்னல் திறக்கும். அன்றைய பாடு அத்தோடு முடிந்துவிடும்.

ஆப்பிரிக்காக்காரர், கட்டடப் பொறியியல் படிக்கிறார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். யாரோடோ போனில் சண்டை போடுகிறார் என்று முதலில் நினைத்தேன். ஆனால் எங்கள் அறைகளில் போன் கிடையாது. கீழ்மாடியில் இருந்த சாகுலிடம் சொன்னேன். சாகுல் காயல்பட்டினத்துக்காரன், வேதியியல் ஆராய்ச்சி செய்ய வந்தவன். அந்த ஊரில் நான் தமிழ் பேச இருந்த ஒரே வாய் அவன்தான்.

"மாப்ளே, மறை கழண்ட கேசு. கதவைத் தாழ் போட்டுக்கிட்டுப் படு" என்றான்.

தாழ் போட்டுக்கொண்டு எத்தனை நாள் இருப்பது? அடுப்பங்கரை எல்லாருக்கும் பொது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் ரசத்துக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறேன், அவர் பக்கத்து அடுப்பில் சோள மாவைக் களி கிண்டிக்கொண்டிருக்கிறார். ஆறடி உயரம், அதற்குத் தக்க தோள், மூக்கு நுனியில் கண்ணாடி. கிண்டிக்கொண்டே சட்டியைப் பார்த்து அவர் மொழியில் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். இந்தத் தடவை கூப்பாடு இல்லை, மெல்லிய குரல். ஒரு வாக்கியம் நீண்டு போய், ஏறி, இறங்கி, ஓர் இடத்தில் நின்றது. நின்ற இடத்தில் நான் 'உம்' என்றேன்.

சத்தியமாக யோசித்துச் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் கதை கேட்கிறவன் உம் கொட்டாவிட்டால் சொல்கிறவர் பாதியிலேயே எழுந்து போய்விடுவார். மொழி எதுவானாலும் கதை கதை மாதிரித்தானே கேட்கிறது. காது கேட்டது, வாய் கொட்டிவிட்டது.

அவர் கரண்டியோடு திரும்பினார். களி அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. அவர் கவனிக்கவில்லை.

"இப்ப என்ன சொன்னீரு?"

நாங்கள் பேசியதெல்லாம் பாதி ஜெர்மன், பாதி இங்கிலீஷ். ஆனால் இத்தனை வருஷம் கழித்து நினைத்துப் பார்த்தால் அந்த மனிதர் என் காதில் திருநெல்வேலிக்காரராகத்தான் பேசுகிறார். அப்படியே எழுதுகிறேன்.

"ஒண்ணும் சொல்லலையே. சும்மா 'உம்'னேன்."

"சும்மா யாரும் உம்முன்னு சொல்லமாட்டாங்க வே. இன்னொரு தடவை சொல்லும்."

சொன்னேன். கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். களியின் ஆவி பட்டதால் என்று நான் வைத்துக்கொண்டேன்.

அவர் மொழி எவே. மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் பேசுகிறார்கள். அந்த மொழியில் கதை சொல்லப் போகிறவன் முதலில் 'கதை கேளுங்கள்' என்று கூவுவானாம். கூட்டம் 'க்ளி நேவா' என்று திருப்பிச் சொல்ல வேண்டும். 'கதை வரட்டும்' என்று அர்த்தம். அந்தப் பதில் வராமல் கதையைத் தொடங்கக்கூடாது. தொடங்கினால் அது கதை இல்லை, பிதற்றல். பைத்தியம்தான் அப்படிச் செய்யும் என்றார். நான் சாகுலை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

"நான் ஒரு நாவல் எழுதிக்கிட்டிருக்கேன், நாஹ்பார். ரெண்டு வருஷமா முதல் வரியைத் தாண்டலை. தினம் சாயங்காலம் கூப்பிட்டுப் பார்க்கேன். பதில் சொல்ல ஒரு நாதி இல்ல இந்த ஊர்ல."

"எழுதுறதுக்கு எதுக்குவே பதிலு? பேப்பரை எடுத்து எழுத வேண்டியதுதானே?"

"இங்கிலீஷ்ல அப்படி எழுதியிருக்கேன். அச்சிலயும் வந்திருக்கு. அதுல என் ஆளுங்க எல்லாம் கழுத்து வரைக்கும் பொத்தான் போட்டுக்கிட்டு நிக்கிறாங்க. சிரிக்கச் சொன்னாக்கூட பல்லைக் காட்டமாட்டேங்கிறாங்க."

சாயங்காலம் அரை மணி நேரம் உம்ம காதைக் கடன் கொடும் என்றார். உம்ம மொழியில் எனக்கு ஓர் எழுத்துத் தெரியாதே என்றேன். தெரிய வேண்டாம், எதிரில் வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தால் போதும் என்றார். இப்படியும் ஒரு வேலை உலகத்தில் உண்டா? உண்டு. நான் பார்த்திருக்கிறேன், முழுசாக இரண்டு குளிர்காலம்.

ஆறு மணிக்கு அவர் அறைக்குப் போவேன். அவர் நின்றுகொண்டு கூவுவார். 'க்ளி நேவா' என்பேன். அவ்வளவுதான், மனிதர் மாறிவிடுவார். குடை கம்பாகும், படுக்கை விரிப்பு கடலாகும், அலமாரிக் கதவைத் திறந்து அதற்குப் பின்னாலிருந்து ஒரு கிழவியாக வருவார். அவர் நிறுத்துகிற இடத்தில் நான் உம் கொட்டுவேன். சொல்லி முடித்ததும் தட்டச்சு எந்திரத்தின் முன் உட்கார்ந்து, இப்போது சொன்னதை அப்படியே அடிப்பார். அந்த ஜெர்மன் எந்திரத்தில் அவர் மொழிக்கு வேண்டிய சில எழுத்துகள் கிடையாது. வால் முளைத்த ஒன்று, கொக்கி போட்ட ஒன்று என்று நாலைந்து. அவை வரும் இடங்களில் வெற்றிடம் விட்டு அடித்துக்கொண்டே போவார். பக்கம் முடிந்ததும் பேனாவை எடுத்து ஒவ்வொரு வெற்றிடத்திலும் வால் போட்டுக் கொக்கி போட்டு நிரப்புவார். அதைச் செய்யும்போது மட்டும் யாரும் பேசக்கூடாது. பல் விழுந்த பிள்ளைக்குப் பல் கட்டுகிறேன் என்பார்.

உம் கொட்டுவதிலும் என்னைச் சும்மா விடமாட்டார். ஒருநாள் பாதிக் கதையில் நிறுத்திவிட்டார்.

"என்ன வே இது? படகு கவுந்து ஆளு செத்துப்போயிட்டான். அதுக்குப் போய் இவ்வளவு குஷியா உம் போடுதீரு?"

"செத்தது எனக்கு எப்படிவே தெரியும்?"

"என் முகத்தைப் பாரும். குரலைக் கேளும். செத்தவனுக்கு உம்ம ஊர்ல எப்படி உம் போடுவீங்க?"

வாய் திறக்காமல், மூக்கால், கீழே இறக்கிப் போட்டுக் காட்டினேன். அதைத்தான் கேட்கிறேன் என்று கதையைத் தொடர்ந்தார். அதற்குப் பிறகு எனக்கும் பிடிபட்டுவிட்டது. பயத்துக்கு ஒரு உம், 'அடப்பாவி'க்கு ஒரு உம், 'அப்புறம்?' என்பதற்கு ஒரு உம். எவே மொழியில் எனக்கு இன்றுவரை ஐந்தாறு வார்த்தைக்கு மேல் தெரியாது. ஆனால் அந்த நாவலில் யார் நல்லவன், யார் புளுகன், எந்த இடத்தில் மழை வருகிறது என்று கேட்டால் சொல்லிவிடுவேன்.

அவர் குடும்பத்தைப் பற்றி ஒரு தடவைதான் சொன்னார், அதையும் சிரிப்பாகத்தான் சொன்னார். அவர்கள் பக்கம் முதலில் ஜெர்மன்காரன் ஆண்டானாம். பிறகு இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் வந்து நிலத்தில் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். கோடு அவர்கள் வீட்டுக்கும் தாய்மாமன் வீட்டுக்கும் நடுவில் விழுந்துவிட்டது.

"தாத்தாவுக்குக் கோவம் வந்தா ஜெர்மன்ல ஏசுவாரு. அப்பா இங்கிலீஷ்ல கணக்கு எழுதுவாரு. மாமா வீட்டுக்குப் போனா பிள்ளைங்க பிரெஞ்சுல பாடம் ஒப்பிக்கும். சாப்பிட உட்கார்ந்தாத்தான் வே எல்லாரும் ஒரே ஜனம். கதை, சாப்பாட்டுக்கு அப்புறம்தான் சொல்லுவாங்க."

நான் சும்மா இருந்திருக்கலாம். பெருமை அடித்துக்கொண்டேன். கல்லூரியில் படிக்கும்போது தமிழுக்காக ரோட்டில் இறங்கிக் கோஷம் போட்டவன் நான். போலீஸ் தடி பட்ட தழும்பு முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. பேண்ட்டைச் சுருட்டிக் காட்டினேன். குனிந்து, மரியாதையாகப் பார்த்தார்.

"மொழிக்காக அடி வாங்கின காலு. நல்லது. இப்ப அந்த மொழியில நீரு என்ன செய்தீரு?"

யோசித்தேன். ஆராய்ச்சி ஜெர்மன் மொழியில். வீட்டுக்குக் கடிதம் இங்கிலீஷில். அப்பாவுக்கு அதுதான் கௌரவம். சாகுலோடு பேசுகிறேன் என்றால் வாரத்தில் ஒருநாள்.

"எண்ணுதீரு" என்றார் அவரே. "காலையில தண்டால் எடுக்கும்போது சுவத்துக்கு இந்தப் பக்கம் கேக்கும். அது இங்கிலீஷ் இல்ல, ஜெர்மனும் இல்ல. எண்ணும்போது மட்டும் நீரு உம்ம வீட்டுக்குப் போயிருதீரு."

அன்றைக்கு அறைக்கு வந்ததும் அடித்த மாதிரி வீட்டு நினைப்பு அதற்கு முன்னால் என்னை அடித்ததில்லை.

இன்னொரு வழக்கமும் அவர்களுக்கு உண்டு. கதை நீண்டுகொண்டே போனால் கேட்கிறவர்களில் ஒருவன் எழுந்து, 'அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன்' என்று குறுக்கே விழுவான். அப்படி விழுந்தவன் ஒரு பாட்டுப் பாட வேண்டும். கூட்டம் கைதட்டிக் கூடப் பாடும், கதை சொல்கிறவன் மூச்சு வாங்கிக்கொள்வான். அந்த வாக்கியத்தை எவே மொழியில் எனக்கு மனப்பாடம் செய்வித்தார். நானும் நடுவில் எழுந்து கணீரென்று சொல்லிவிடுவேன். பாட்டுத்தான் வராது. நான் பாடினால் பால் திரிந்துபோகும் என்று என் அம்மாவே சொல்லியிருக்கிறாள். அவர் கையைத் தட்டுவதற்குத் தயாராக வைத்துக்கொண்டு நிற்பார். நான் அசடு வழிவேன்.

"சரி, கடன் இருக்கட்டும்" என்று கையை இறக்கிவிட்டுக் கதையைத் தொடர்வார்.

நாவல் முக்கால்வாசி வந்திருந்தபோது ஓர் அம்மாள் வந்தாள். வேறு ஊரிலிருந்த ஒரு பதிப்பகத்தில் வேலை. அவருடைய இங்கிலீஷ் கதை ஒன்றை ஜெர்மனில் மொழிபெயர்த்து ஒரு தொகுப்பில் போட்டிருந்தார்கள். நல்ல மனுஷி, குறை சொல்ல முடியாது. படித்தவள், அவர் எழுத்தின் மேல் உண்மையாகவே பிரியம் வைத்திருந்தாள். வரும்போதெல்லாம் எனக்கும் சேர்த்துக் கேக் வாங்கி வருவாள். அவள் கேட்டது ஒன்றுதான். நாவலை இங்கிலீஷில் எழுதித் தாருங்கள், நாங்கள் ஜெர்மனில் கொண்டுவருகிறோம். ஒப்பந்தம் போட்டால் அதைக் காட்டி இந்த நாட்டிலேயே இருக்கலாம்.

இருப்பதுதான் அப்போது அவருக்குச் சிக்கல். படிப்புக்கான உதவித்தொகை அந்தக் குளிர்காலத்தோடு முடிகிறது. கதையில் மூழ்கிப் பரீட்சையைக் கோட்டை விட்டிருந்தார். ஒப்பந்தம் இல்லாவிட்டால் விசா இல்லை, மூட்டை கட்ட வேண்டியதுதான். வீட்டிலோ பாலம் கட்டப் படித்த பிள்ளை வருகிறான் என்று காத்திருக்கிறார்கள்.

அடுப்பங்கரையில் வைத்துத்தான் பேச்சு நடந்தது. சாகுலும் இருந்தான்.

"உங்கள் மொழியில் எழுதினால் பக்கத்து மாகாணத்துக்காரர்கூடப் படிக்க முடியாது. இங்கிலீஷில் எழுதினால் ஆப்பிரிக்கா முழுக்கப் படிக்கும், உலகமே படிக்கும்" என்றாள் அந்த அம்மாள்.

"வாஸ்தவம்" என்றார் அவர். "அப்படி எழுதுறவங்க இருக்காங்க. நல்லாவே எழுதுறாங்க. அவங்களோட எனக்கு ஒரு சண்டையும் இல்ல. உலகம் படிக்கும், சரி. உலகம் உம் கொட்டுமா?"

அவளுக்குப் புரியவில்லை. சாகுல் என் காதோரமாக, "மாப்ளே, நம்ம ஊர்ல தமிழ்ல எழுதுறவனுக்கே டீக்குக் காசு தேற மாட்டேங்குது. கையெழுத்தைப் போடச் சொல்லு. வயித்துக்கு எந்த மொழியும் கிடையாது" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவர் போய்விட்டால் ஆறு மணிக்கு நான் என்ன செய்வேன் என்ற சுயநலமும் எனக்கு இருந்தது. நானும் சொன்னேன், போட்டுவிடும் வே என்று. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தத் தொகுப்புக்காக ஏற்பாடாகியிருந்த வாசிப்புக் கூட்டம் முடிந்ததும் முடிவு சொல்கிறேன் என்று அம்மாளிடம் சொல்லி அனுப்பினார்.

வாசிப்புக் கூட்டம் நகரத்துப் புத்தகக் கடை ஒன்றில். அலமாரிகளைத் தள்ளி வைத்து நாற்காலி போட்டிருந்தார்கள். நல்ல கூட்டம். எங்கள் பேராசிரியர்கூட மனைவியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஜெர்மன்காரர்கள் இலக்கியம் கேட்க உட்கார்ந்தால் எப்படி இருக்கும் தெரியுமா? கோட்டை மடியில் மடித்து வைத்துக்கொண்டு, இருமல் வந்தால்கூட அடுத்த இடைவேளைக்கு ஒத்திவைத்துவிடுவார்கள். அவ்வளவு மரியாதை.

அவர் மேஜைக்குப் பின்னால் உட்காரவில்லை, எழுந்து நின்றார். தொகுப்பில் வந்த அவர் கதையின் முதல் வரியே அந்தக் கூவல்தான். ஜெர்மன் மொழியில், ஓங்கி, 'கதை கேளுங்கள்' என்றார். நிறுத்தினார்.

ஊசி விழுந்தாலும் கேட்டிருக்கும். எல்லாரும் தலையைச் சற்றுச் சாய்த்து, மேலே படிக்கட்டும் என்று காத்திருந்தார்கள். அவரும் காத்திருந்தார். இரண்டாவது தடவை கூவினார். மறுபடி அதே மரியாதை. வரியை விட்டுவிட்டாராக்கும் என்று நினைத்துக் கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். முன் வரிசையில் அந்த அம்மாள் தன் கையிலிருந்த பிரதியைத் திருப்பிப் பார்த்தாள். அவர் தண்ணீரைத் தொடவில்லை. எனக்கு அந்தப் பழைய சாயங்காலங்கள் ஞாபகம் வந்துவிட்டன. அதே கூவல், அதே காத்திருப்பு. இங்கே நடுவில் சுவர்கூட இல்லை. நூறு பேர் எதிரில் இருந்தும் மனுஷன் ஒற்றையாளாக நிற்கிறார்.

பேராசிரியராவது ஒன்றாவது! எழுந்து நின்று அடித்தொண்டையிலிருந்து 'க்ளி நேவா!' என்றேன்.

மொத்தக் கடையும் திரும்பியது. பேராசிரியரின் மனைவி நாற்காலியோடு நகர்ந்துகொண்டாள். பின்னாலிருந்து யாரோ 'உஷ்' என்றார்கள். நான் உட்கார்ந்தேன். காது சுட்டது. ஆனால் அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். படிக்க ஆரம்பித்தார். நின்ற இடத்திலெல்லாம் நான் உம் கொட்டினேன். ஒவ்வோர் உம்முக்கும் ஓர் உஷ் வந்தது. கடைசிவரை இரண்டு பேரும் விடவில்லை.

முடிந்ததும் கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. அந்த அம்மாள் அவரிடம் வந்து, பாவம், மெதுவாகத்தான் சொன்னாள்: "அற்புதம். ஆனால் உங்கள் நண்பர் கொஞ்சம் தொந்தரவு செய்துவிட்டார், இல்லையா?"

"இல்லம்மா" என்றார். "நீங்க எல்லாரும் நான் படிச்சதைக் கேட்டீங்க. அவரு ஒருத்தர்தான் கதை கேட்டாரு. எனக்கு இந்த ஒருத்தரைப் போல நாலு பேரு வேணும். அவங்க இருக்கிற இடத்துக்கு நான் போகணும். என்னை மன்னிச்சுக்குங்க."

அந்த அம்மாள் கண் கலங்கிப் போனாள். ஒப்பந்தத் தாள்களை அவள் பைக்குள்ளிருந்து எடுக்கவே இல்லை. நான் மட்டும் என்ன, சிரித்துக்கொண்டா இருந்தேன்? மனுஷன் போகப் போகிறார், அதுவும் என் உம்மைக் காரணம் காட்டிவிட்டுப் போகிறார்.

பிப்ரவரியில் கிளம்பினார். ஸ்டேஷனில் நானும் சாகுலும். சாகுல் வழிக்கு முட்டை அவித்துக் கொடுத்தான். ஒரு பெட்டி, ஒரு குடை, நாவலின் தாள்களைக் கட்டிய துணிப்பை. பெட்டியை ஏற்ற விட்டார், பையைத் தொட விடவில்லை. ஜன்னலைக் கீழே இறக்கி எட்டிப் பார்த்தார்.

"நாஹ்பார், பாட்டுக் கடன் பாக்கி இருக்கு."

"இங்க வேண்டாம் வே. ஜனங்க பாக்குது."

"பாக்கட்டும். அதுக்குத்தான் பாட்டு."

நான் தலையை ஆட்டிச் சிரித்து மழுப்பினேன். ரயில் போய்விட்டது. திரும்பி வரும் வழியெல்லாம் சாகுல் ஏதோ பேசிக்கொண்டு வந்தான். ஒன்றும் என் காதில் ஏறவில்லை.

பக்கத்து அறைக்கு ஒரு ஜெர்மன் பையன் வந்தான். அருமையான பையன், சத்தமே போடமாட்டான். ஆறு மணி வரும், போகும். ஒருநாள் பொறுக்கமுடியாமல் நானே சுவரைப் பார்த்து 'உம்' என்று சொல்லிப் பார்த்தேன். கேவலமாக இருந்தது.

வருஷங்கள் ஓடின. பட்டம் வாங்கினேன், அதே ஊரில் வேலையும் கிடைத்தது. சாகுல் குவைத்துக்குப் போய்விட்டான். போகும்போது, "மாப்ளே, ஊர்ப்பக்கம் போய் ஒரு கல்யாணத்தைப் பண்ணு, இல்லாட்டி சுவரோட பேச ஆரம்பிச்சிருவே" என்றான். ஆரம்பித்தாயிற்று என்று அவனிடம் சொல்லவில்லை. தனி வீடு எடுத்தேன், போன் வைத்துக்கொண்டேன். புத்தாண்டு அட்டையில் எண்ணை எழுதி அவருக்கு அனுப்பினேன். பதில் இல்லை. அந்த வீட்டில் போன் அடித்தால் பெரும்பாலும் தவறான எண்ணாகத்தான் இருக்கும். காலையில் தண்டால் எடுப்பதை மட்டும் நான் விடவில்லை.

எழுபதுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை மத்தியானம். எங்கள் கட்டடத்தில் ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை யாரும் சத்தம் போடக்கூடாது. குழாயைக்கூட மெல்லத்தான் திறக்க வேண்டும். அந்த நேரத்தில் போன் அடித்தது. எடுத்தால் கடல் இரைகிற மாதிரி ஓர் இரைச்சல். இரைச்சலுக்குள்ளிருந்து ஓங்கி ஒரு கூவல்.

யார், என்ன என்று கேட்கவில்லை. "க்ளி நேவா!" என்றேன்.

"உசுரோடதான் இருக்கீரு!" என்று அந்தப் பக்கம் சிரிப்பு. "தபாலாபீசுல இருக்கேன் வே. டிரங்க் கால் கிடைக்கக் காலையிலிருந்து காத்துக் கிடக்கோம், ஊரே காத்துக் கிடக்கு. சும்மா இருப்பானேன்னு கதையை ஆரம்பிச்சுட்டேன். பாதியில இருக்கும்போது உம்ம லைன் கிடைச்சிருச்சு."

"புத்தகம் என்னவே ஆச்சு?"

"அச்சாகல. கொக்கி எழுத்துக்கு இங்க அச்சு இல்லங்கிறான். வரவழைக்கணுமாம், எப்ப வருதோ. இப்ப ரோடு போடுற இலாகாவில வேலை. போற ஊர்லயெல்லாம் சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்லுதேன். ஜனங்களுக்கு அத்துப்படி. நான் ஒரு வரியை விட்டா அவங்களே எடுத்துக் குடுக்காங்க. பொறும், இப்ப படகு கவுற இடம். கேளும்."

போனைக் கையில் நீட்டிப் பிடித்திருப்பார் போல. அவர் குரல் சற்றுத் தள்ளிப் போனது. எனக்குத் தெரிந்த அதே வாக்கியம், நீண்டு, ஏறி, இறங்கி நின்றது. நான் வாய் திறக்காமல் மூக்கால், செத்தவனுக்கான உம்மைப் போட்டேன். அதே நேரத்தில் அந்தப் பக்கம் ஒரு கூட்டமே, ஆணும் பெண்ணும் பிள்ளையுமாக, அடிவயிற்றிலிருந்து அவர்கள் முறையில் பதில் கொடுத்தது. என் உம் எனக்கே கேட்கவில்லை. அடுத்த வாக்கியம். மறுபடி கூட்டம். அவருக்கு இனி நான் வேண்டாம். சந்தோஷமாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது, அதை எதற்கு மறைப்பது? ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். என் வீட்டு ஜன்னலுக்கு வெளியே தெருவில் ஓர் ஆள் இல்லை.

என்ன தோன்றியதோ தெரியவில்லை. அத்தனை வருஷம் கழித்தும் அந்த வாக்கியம் ஓர் எழுத்துப் பிசகாமல் வந்தது. அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன் என்று எவே மொழியில், கத்திச் சொன்னேன்.

அந்தப் பக்கம் எல்லாச் சத்தமும் நின்றது. பிறகு அவர் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு: "நாஹ்பார்! எல்லாருக்கும் கேட்டிருச்சு. கையைத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்காங்க. பாடும் வே!"

எதைப் பாடுவது? எந்தப் பாட்டும் ஞாபகம் வரவில்லை. ஒரு சினிமாப் பாட்டு, ஒரு பள்ளிக்கூடப் பிரார்த்தனை, ஒன்றும் கிடையாது, தலை வெறும் சட்டி. வாய் தானாகத் திறந்துகொண்டது. ஒன்றாம் வகுப்பில் கையைக் கட்டிக்கொண்டு உடம்பை முன்னும் பின்னும் ஆட்டி ராகம் போட்டுக் கத்துவோமே, அதுதான் வந்தது.

"ஓரிரண்டு ரெண்டு... ஈரிரண்டு நாலு..."

மூவிரண்டு ஆறில் அங்கே கைதட்டல் சேர்ந்துகொண்டது. என் பால் திரிகிற குரலுக்கு ஒரு கடற்கரையே தாளம் போடுகிறது. யாரோ ஒரு பெண் எனக்கு மேல் சுருதியில் கூட இழுத்தாள். நாலிரண்டு எட்டு. அவர் வயிறு குலுங்கச் சிரிப்பது தெளிவாகக் கேட்டது. ஐயிரண்டு பத்து. கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைக்கத் தோன்றவில்லை. கீழ்வீட்டு அம்மாள் துடைப்பக்கட்டையால் தன் மேல்தளத்தை இடித்தாள். இடிக்கட்டும். ஆறிரண்டு பன்னிரண்டு.

ஏழிரண்டில் லைன் அறுந்துவிட்டது. கடலும் இல்லை, கைதட்டலும் இல்லை. வெறும் 'ஊ' என்ற ஒலி.

நான் நிறுத்தவில்லை. ஏழிரண்டு பதினாலு, எட்டிரண்டு பதினாறு என்று அதே ராகத்தில், அந்தக் காலி வீட்டில் நின்றுகொண்டு, பத்திரண்டு இருபது வரைக்கும் பாடி முடித்துவிட்டுத்தான் ரிசீவரைக் கீழே வைத்தேன்.